மேல் லயத்து ஆட்கள்

மலாக்காவில், தஞ்சோங் கிளிங் கடற்கரையில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் நின்று, போகிறவர்களையெல்லாம் "மீண்டும் வாருங்கள்" என்று சிரித்து அனுப்பிக்கொண்டிருந்தவன் கிருஷாந்த். ஹோட்டலை இழுத்து மூடிவிட்டார்கள். அதன்பின் அவனுக்கு வேலை கிடைத்தது அலோர் காஜாவில், மருந்துக் கடைக்கு மேல்மாடியில் இருந்த மரண சகாய சங்கத்தில்.

"அதே வேலைதான். என்ன, இங்க 'மீண்டும் வாருங்கள்'னு சொல்ல முடியாது" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தான். அடுத்தவர் சிரிப்பதற்கு முன்னால் தானே சிரித்துவிடுவது அவன் வழக்கம். கிளேபாங்கில் மாமனார் வீட்டில் குடியிருக்கும் மருமகனுக்கு அதைவிட நல்ல கவசம் கிடையாது.

மாமனார் சற்குணம் ஒருநாளும் கடிந்து பேசியதில்லை. தினமும் மாலையில் பத்திரிகையை மடக்கி வைத்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்பார்.

"வேலை நிரந்தரமாயிட்டுதோ தம்பி?"

"இன்னும் இல்ல மாமா."

"சரி, சரி" என்று பத்திரிகையை விரித்துக்கொள்வார். அந்தப் பத்திரிகை விரியும் சத்தம் கிருஷாந்தின் காதுக்குள் இரவெல்லாம் இருக்கும். அவன் மனைவி அஞ்சனா அலோர் காஜாவில் ஒரு வாடகை வீடு பார்த்து வைத்திருந்தாள். வீட்டுக்காரர் வேலை நிரந்தரக் கடிதம் கேட்டார். கடிதத்தைத் தர வேண்டியவர் சங்கத் தலைவர் ரவீந்திரன். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். வாயிலிருந்து வருவதெல்லாம் கரும்பலகையில் எழுதிப்போட்டது போல இருக்கும்.

"ஆண்டுக் கூட்டத்துக்கு முன்னால பழைய டேட்டாபேஸ் புது சிஸ்டத்துக்கு மாறணும். ஒரு சிவப்புக் கோடு இருக்கக் கூடாது. இருந்தா கடிதம் இல்ல."

பழைய டேட்டாபேஸ் மேசைக்கடியில் ஒரு கணினிக்குள் குடியிருந்தது. அதன் நெற்றியில் 'அணைக்காதே, அணைத்தால் நீயே பொறுப்பு' என்று ஒரு காகிதம். அதைக் கட்டியெழுப்பி, காகிதத்தையும் ஒட்டியவர் தினேஸ்வரன். பல ஆண்டுகள் சங்கத்தின் எழுத்தராக இருந்தவர். போன ஆண்டுக் கூட்டத்தில் எல்லோருக்கும் சால்வை போட்டார்கள். ஒலிபெருக்கி வைத்தவருக்குக் கூடப் போட்டார்கள். தினேஸ்வரனை மேடைக்குக் கூப்பிட மறந்துவிட்டார்கள். அவர் மறதி என்று நம்பவில்லை. மறுநாள் சாவியைத் தலைவரின் மேசையில் வைத்துவிட்டு ஜொகூருக்குப் போய்விட்டார். விளக்கக் குறிப்பு என்று ஒரு வரிகூட விட்டுப் போகவில்லை.

கிருஷாந்த் முதல் நாளே அவரைத் தொலைபேசியில் பிடித்தான்.

"அண்ணே, நான் உங்க எடத்துக்குப் புதுசா வந்திருக்கேன். டேட்டாபேஸ் பத்திக் கொஞ்சம் கேக்கணும்."

"சால்வை போட்டாங்களா உனக்கு?"

"இன்னும் இல்லண்ணே, இப்பதான் நாற்காலியே போட்டாங்க."

"போடும்போது கூப்பிடு." வைத்துவிட்டார்.

ஆகவே கிருஷாந்த், இருட்டு அறைக்குள் பூனை தேடுகிறவன் போல, அந்தக் கணினிக்குள் தனியாக இறங்கினான். பூட்டுகளும் குறுக்குச் சந்துகளுமாக இருந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் வேறொரு பொத்தான் மறைந்தது. 'தொடாதே' என்று பெயர் வைத்த பகுதி ஒன்று இருந்தது. தொட்டான், ஒன்றும் ஆகவில்லை. 'தொடாதே இரண்டு' என்று இன்னொன்று. அதைத் தொட்டான், மத்தியானம் வரை திரை வெள்ளையாக நின்றது. ஆனால் போகப் போகப் பிடிபட்டது. தினேஸ்வரன் முரட்டு ஆள்தானே தவிர, மோசமான தச்சன் இல்லை.

பிடிபடாதது முகவரிதான். உறுப்பினர்களில் பாதிப் பேருக்கு மேல் 'லிண்டன் தோட்டம்' என்றே போட்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் 'லயம்' என்று தனியாக ஒரு கட்டம். மேல் லயம், கீழ் லயம், மாட்டுக் கொட்டகை லயம், கிணத்தடி லயம். புது சிஸ்டம் அவற்றைப் பார்த்ததும் வரிசையாகச் சிவப்புக் கோடு போட்டது. அதற்குத் தெருப் பெயரும் அஞ்சல் எண்ணும் வேண்டும்.

"சார், இந்த லிண்டன் தோட்டம் எங்க இருக்கு?"

ரவீந்திரன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "இருந்துச்சு, ரப்பர் எஸ்டேட்டு. இப்போ அங்க கோல்ஃப் விளையாடுறாங்க. பாதியில பங்களா வீடு."

"அப்போ அட்ரஸ் எல்லாம் புதுசு பண்ணிடவா?"

"இதுல என்ன கேள்வி? கோல்ஃப் குழிக்கா கடிதம் போடுவீங்க?"

கிருஷாந்தின் தாத்தா ஏதோ ஒரு தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். லயத்துப் பக்கம் போனால் சப்பாத்தில் சேறு ஒட்டும் என்று சொல்லிப் பிள்ளைகளை வளர்த்தவர். பேரனுக்கு லயம் என்றால் வரிசை வீடு என்ற அளவில்தான் தெரியும். அவன் ஒவ்வொருவராகத் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"கருப்பாயி ஆன்ட்டியா? சங்கத்திலிருந்து பேசுறேன். உங்க அட்ரஸ் வேணும்."

"லிண்டன். மேல் லயம்."

"அந்தத் தோட்டம் இப்போ இல்லையே ஆன்ட்டி."

"இல்லன்னு எனக்குத் தெரியாதா? கடைசி லாரியில ஏறினவளே நான்தான்."

"சரி, இப்போ எங்க இருக்கீங்க?"

"மவன் வீட்டுல. ஜாசின் பக்கம் ஏதோ தாமான். பூ பேரு வெச்சிருப்பான்."

"என்ன பூ ஆன்ட்டி?"

"தெரிஞ்சா சொல்ல மாட்டனா? மலாய்க்காரப் பூலா. நீ யாரு வீட்டுப் புள்ள?"

"நான் கிளேபாங்."

"அது ஊரு. நான் எந்தத் தோட்டம்னு கேக்குறேன்."

"எங்க வீட்டுல யாரும் தோட்டத்துல இல்ல ஆன்ட்டி."

"ஐயோ பாவம்" என்றாள் கருப்பாயி, உண்மையான இரக்கத்தோடு.

அன்றிலிருந்து பூப்பெயர் கண்டுபிடித்துச் சொல்வதற்காக அவள் அடிக்கடி கூப்பிட ஆரம்பித்தாள். பூவைச் சொல்லவே இல்லை. வேறு எல்லாவற்றையும் சொன்னாள். அவள் எண் கிருஷாந்துக்கு மனப்பாடமாகிவிட்டது.

ஒரு வழியாக எல்லோரும் ஆளுக்கொரு தாமான் குடியிருப்பில், ஆளுக்கொரு அஞ்சல் எண்ணில் போய் அமர்ந்தார்கள். கடைசியில் 'லயம்' கட்டம் மட்டும் மிஞ்சியது. தினேஸ்வரன் அதை இறப்புச் செய்திப் பொத்தானோடு முடிச்சுப் போட்டிருந்தார். ஒருவர் இறந்ததாகப் பதிந்தால், அதே லயத்துக்காரர்கள் அத்தனை பேருக்கும் செய்தி போகும். கிருஷாந்த் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். தஞ்சோங் கிளிங்கில் ஒருவர் இறந்தால் ஜாசினில் இருப்பவருக்கும் தம்பினில் இருப்பவருக்கும் செய்தி அனுப்பி என்ன பயன்? பக்கத்து வீட்டுக்காரனுக்கல்லவா சொல்ல வேண்டும்? பொத்தானை அஞ்சல் எண்ணோடு சேர்த்து முடிந்தான். லயம் கட்டத்தை அழித்தான். சிவப்புக் கோடுகள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. ஹோட்டலில் அறையெல்லாம் நிரம்பிய நாளில் கூட அவனுக்கு அப்படி ஒரு நிறைவு வந்ததில்லை.

ரவீந்திரன் எட்டிப் பார்த்து, "சுத்தம்" என்றார். அவர் அகராதியில் அதற்கு மேல் பாராட்டு இல்லை. பழைய கணினியில் இருந்ததையெல்லாம் அழித்து, அதை ஒரு பாலர் பள்ளிக்குத் தானம் கொடுத்து, படமும் எடுத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் ஒரு காலையில் பவானேஸ்வரி என்ற பெண் தஞ்சோங் கிளிங்கிலிருந்து கூப்பிட்டாள். குரல் கரகரத்திருந்தது.

"எங்கப்பா அங்கமுத்து காலமாயிட்டாரு. மெம்பர்."

கிருஷாந்த் ஹோட்டல் குரலை விட்டுவிட்டுத் தன் குரலில் ஆறுதல் சொன்னான். கூடாரம், நாற்காலி, பெட்டி, வண்டி எல்லாம் வந்துவிடும் என்றான்.

"ஆளுங்களுக்கும் நீங்கதானே சொல்லுவீங்க? நாங்க யாருக்கும் போன் போடல. செத்த வீட்டுக்காரங்க வாயால சொல்லக் கூடாதுல்ல."

"நான் பாத்துக்குறேன்கா."

"அப்பா சொல்லிட்டே இருப்பாரு. சங்கத்துக்கு ஒரு வார்த்தை சொல்லு, மேல் லயமே வந்து நிக்கும்னு."

'மேல் லயம்' என்ற வார்த்தை காதில் விழுந்தது. விழுந்த இடத்தில் கிடந்தது. கிருஷாந்த் பொத்தானை அழுத்தினான். செய்தி போய்ச் சேர்ந்ததற்கான அடையாளங்கள் வரிசையாக விழுந்தன. ஒரே ஒருவர் மட்டும் 'இவர் யார்?' என்று மலாயில் பதில் கேட்டிருந்தார்.

மத்தியானம் சவ வண்டி ஓட்டும் திலீபன் அழைத்தான்.

"பாஸ், இங்க ஒரு சிக்கல்."

"என்ன, டயரா?"

"டயர் இருக்கு. ஆளு இல்ல. பெட்டியத் தூக்க ஆளு இல்ல."

சிரிப்பாக ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்த கிருஷாந்துக்கு முதல்முறையாக ஒன்றும் வரவில்லை. காரை எடுத்துக்கொண்டு ஓடினான்.

கூடாரம் தெருவை அடைத்துப் போட்டிருந்தது. சங்கத்தின் நீல நாற்காலிகள், துடைத்து வைத்தது போல, காலியாக. முன்வரிசையில் எதிர்வீட்டுச் சீனப் பாட்டி ஒருத்தி மட்டும் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். முனைக் கடை மஜீது, தொப்பியைச் சரிசெய்தபடி கூடாரக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். உறுமி மேளக்காரர்கள் யாருக்கு அடிப்பது என்று தெரியாமல் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். பவானேஸ்வரியின் கணவர் சுரேன் கடிகாரத்தையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"டைம் ஆச்சு. தகனத்துக்குக் கொடுத்த நேரம் தாண்டிடும்."

"கொஞ்ச நேரம் பாக்கலாம்" என்றாள் பவானேஸ்வரி. அவள் கண் தெரு முனையை விட்டு அசையவில்லை. "ஜாசின்லேருந்து வரணும்ல. தம்பின்லேருந்து வரணும். பஸ்ஸு புடிச்சிருப்பாங்க, வந்துருவாங்க. மேல் லயத்துல ஒரு சாவுக்குக் கூட அப்பா போகாம இருந்ததில்ல."

காதில் விழுந்து கிடந்த வார்த்தை அப்போதுதான் கிருஷாந்தைக் குத்தியது. அந்தக் கட்டம் வீட்டுக்கானது இல்லை. யார் யாரைத் தூக்குவார்கள் என்பதற்கானது.

கூடாரத்துக்கு வெளியே போய், தெரிந்த ஒரே எண்ணை அழுத்தினான்.

"ஆன்ட்டி, அங்கமுத்து தவறிட்டாரு."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"எந்த அங்கமுத்து? எங்க அங்கமுத்து அண்ணனா? எப்போ? எனக்கு மெசேஜ் வரலியே. ஒருத்தருக்கு வந்திருந்தாலும் எனக்குச் சொல்லியிருப்பாங்களே."

"இப்போ எடுக்கப் போறாங்க. வர முடியுமா?"

"மவன் காரை எடுத்துட்டுப் போயிட்டான்டா. நான் எப்படி வருவேன், பறந்தா?" பிறகு குரல் உடைந்தது. "கொஞ்சம் நிறுத்தி வைக்கச் சொல்லு. நான் ஏதாச்சும் ஏறி வரேன்."

நிறுத்தி வைக்க முடியவில்லை. பெட்டியைச் சுரேனும் திலீபனும் மஜீதும் கிருஷாந்தும் தூக்கினார்கள். "ஒரு கை கொறையுதுன்னா நான் வரேன், அதுல என்ன" என்று மஜீது சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார். அங்கமுத்து நல்ல பாரம். கிருஷாந்தின் தோள் இறங்கியது. 'ஒழுங்காகத் தூக்குகிற ஆட்களையெல்லாம் அழித்துவிட்டு நீ வந்து தூக்கு' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அதுவும் நகைச்சுவையாகத்தான் தொடங்கியது. முடியும்போது அப்படி இல்லை.

மறுநாள் தலைவரிடம் போய் நின்றான்.

"சார், லயம் கட்டத்தைத் திரும்பக் கொண்டு வரணும். நேத்து ஆளே வரல."

"காலம் மாறிப் போச்சு. இப்பல்லாம் யாரு சாவுக்கு வர்றா?"

"நாம கூப்பிடல சார்."

"செய்தி போச்சா, இல்லையா?"

"போச்சு. ஆனா..."

"போச்சுல்ல? அப்புறம் என்ன ஆனா. ஆண்டறிக்கையில 'நூறு சதவீதம் சுத்தம்'னு அச்சாயிடுச்சு."

கிருஷாந்த் தினேஸ்வரனைக் கூப்பிட்டான். இந்த முறை அவர் உடனே வைக்கவில்லை.

"அங்கமுத்துவா? எங்கப்பாவத் தூக்கினவருடா அவரு. மழையில, சேத்துல, செருப்பில்லாம." மூச்சு வாங்கியது. "லயம் ஃபைல் எங்கிட்ட இருக்கு. வீட்டுக் கணினியில பத்திரமா இருக்கு."

"அனுப்புங்கண்ணே. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"அனுப்புறேன். ரவீந்திரன் என்னைச் சபைக்குக் கூப்பிட்டு, அவரு கையால சால்வை போடட்டும். அன்னிக்கே அனுப்புறேன்."

"அண்ணே, அதுக்குள்ள இன்னொருத்தர் செத்தா?"

"அத அவருகிட்டக் கேளு."

கிருஷாந்த் யோசித்தான். ஒரு சால்வைதானே. மலாக்கா டவுனில் ஜரிகை போட்ட நல்ல சால்வையாகத் தன் காசில் வாங்கி, தலைவரின் மேசையில் வைத்தான்.

"சார், செலவு கூட சங்கத்துக்கு இல்ல. தோள்ல போட்டா போதும்."

"தினேஸ்வரனுக்கா?" ரவீந்திரனின் முகம் இறுகியது. "கணினியோட சுவிட்சு எங்க இருக்குன்னு தெரியாத தலைவருன்னு ஊரெல்லாம் பேசினவன். அவன் தோள்ல என் கையா?" சால்வையை விரித்து ஜரிகையைத் தடவிப் பார்த்தார். "நல்லா இருக்கு. வெச்சிட்டுப் போங்க."

கிருஷாந்த் வைத்துவிட்டுப் போனான். இரண்டு நாள் கருப்பாயியிடம் கேட்டுக் கேட்டுத் தானே எழுதிப் பார்த்தான். மேல் லயம் அவளுக்குத் தெரிந்தது. அதிலும் பாதிப் பேரை 'நொண்டிக்காரர் மருமவ', 'பால்காரு சின்ன மவன்' என்றுதான் தெரிந்தது. கணினிக்கு அவர்களைத் தெரியவில்லை. மற்ற லயங்கள் இருட்டு.

ஆண்டுக் கூட்டம் மண்டபத்தில் நடந்தது. அஞ்சனா வந்திருந்தாள். சற்குணம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். டேட்டாபேஸைச் சிவப்புக் கோடு இல்லாமல் மாற்றிய இளைஞர் என்று சொல்லி ரவீந்திரன் கிருஷாந்தை மேடைக்கு அழைத்தார். கடிதத்தைக் கையில் கொடுத்தார். தோளில் ஒரு சால்வை விழுந்தது. ஜரிகையைப் பார்த்ததுமே தெரிந்தது. பேரம் பேசி வாங்கியவனுக்குத் தெரியாதா.

"ரெண்டு வார்த்தை பேசுங்க" என்று ஒலிவாங்கியை நீட்டினார்கள்.

சொல்லிவிடலாம் என்றுதான் வாங்கினான். முன்வரிசையில் மாமனார் கைதட்டத் தயாராகக் கைகளை உயர்த்தி வைத்திருந்தார். திருமணத்தன்று கூட அந்தக் கைகள் அவ்வளவு உயரம் போனதில்லை. கிருஷாந்த் "நன்றி" என்றான். மண்டபம் கைதட்டியது.

திங்கட்கிழமை பவானேஸ்வரி மாடிப்படி ஏறி வந்தாள். துக்கத்துக்கு உடுத்திய வெள்ளைச் சேலை. மேசைக்கு எதிரே உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"என் பேர எடுத்துடுங்க. சங்கத்துலேருந்து."

"ஏன்கா?"

"எனக்கும் நாளைக்கு அத்தன நாற்காலி காலியாப் போட வேணாம்னுதான்." நிதானமாகத்தான் பேசினாள். "அப்பா உசுரோட இருந்த வரைக்கும் மேல் லயம் மேல் லயம்னு கெடந்தாரு. ஒரு நாயி வரல. மறந்துட்டாங்க. போவட்டும்."

கடிதம் மேசை இழுப்பறையில் இருந்தது. வாடகை வீட்டுக்காரரிடம் நகல் போயிருந்தது. கிருஷாந்த் திரையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"அவங்க மறக்கலக்கா. அவங்களுக்குச் செய்தியே போகல. நான்தான் அதை மாத்தினேன். பக்கத்து வீட்டுக்காரங்களுக்குப் போற மாதிரி."

அவள் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள். கீழே மருந்துக் கடையில் யாரோ மாத்திரை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கருப்பாயி அத்தை மறுநாள் வீட்டுக்கு வந்தாங்க" என்றாள் கடைசியில். "டாக்சி புடிச்சு. எனக்கு மெசேஜ் வரலடின்னு கேட்டுக்கு வெளிய நின்னு கத்தினாங்க. பொய்யின்னு நெனச்சேன். கதவ நான் தெறக்கல."

"அக்கா, நான் வேணும்னா அவங்ககிட்ட..."

"நீங்க யாருகிட்டயும் ஒன்னும் சொல்ல வேணாம். சொன்ன வரைக்கும் போதும். பேர எடுங்க."

உறுப்பினரை நீக்க சிஸ்டம் காரணம் கேட்டது. அழுத்தினால் இரண்டுதான் விரிந்தது. தலைவர் சொல்ல, அவனே போட்டு வைத்தது.

"ரெண்டு காரணம்தான்கா இருக்கு. ஒன்னு இறப்பு. இன்னொன்னு ஒழுங்கு நடவடிக்கை."

"அது யாருக்கு?"

"தப்பு செஞ்சவங்களுக்கு."

பவானேஸ்வரி அவனை ஏறிட்டுப் பார்த்தாள். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில்.

"நான் ஒரு தப்பும் செய்யல. செத்துட்டேன்னே போடுங்க."

அவன் போட்டான். தேதி கேட்டது, அன்றைய தேதியைப் போட்டான். நேரம் கேட்டது. காலியாக விட்டால் மேலே போக மறுத்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து அதையும் போட்டான். அவள் எழுந்து சேலை மடிப்பைச் சரிசெய்தாள், "முடிஞ்சுதா?" என்று கேட்டாள். இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. அதே அஞ்சல் எண்ணில் உள்ள அனைவருக்கும் செய்தி அனுப்பலாமா என்று திரை பணிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

"முடிஞ்சுதுக்கா" என்றான் கிருஷாந்த்.

அவள் படியிறங்கிப் போகும் வரை அவன் எந்தப் பொத்தானையும் அழுத்தாமல், விரலைத் தூக்கிப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான்.